தண்ணீரின் தலைமாட்டில் ஓர் இரும்பு ஊர்

சிருங்கேரியில் சாரதாம்பாளைச் சேவித்துவிட்டு ஹொரநாடு அன்னபூரணியைப் பார்க்கக் கிளம்பும் சென்னை வேன்களில் பலவும் ஒரே மலைப்பாதையில்தான் போகின்றன. கெரெகட்டே தாண்டி எஸ்.கே.பார்டர் சோதனைச்சாவடி. அதைக் கடந்தால் கொஞ்ச தூரம் வெயில் விழாத காடு. காடு முடிகிற வளைவில் சட்டென்று மரமே இல்லாத மலைகள் அடுக்கடுக்காக எழும், கண்ணுக்கெட்டிய தூரம் புல். மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் வந்தவர்கள் ஜன்னலைத் திறந்து செல்போனை நீட்டுவார்கள். சற்று நேரத்தில் ஒரே அச்சில் கட்டிய வீடுகள் வரிசையாக வரும். பூட்டிக் கிடக்கும் கடைகள், பெரிய பெரிய ஷெட்டுகள், ஆள் நடமாட்டம் குறைந்த தெருக்கள். “பழைய மைன்ஸ் ஊர் சார், மூடிட்டாங்க” என்பார் டிரைவர். மதியச் சாப்பாட்டுக்குள் ஹொரநாடு போய்ச் சேரவேண்டும். வண்டி நிற்காது.

அந்த ஊர் குதுரேமுக். கர்நாடக மாநிலம் சிக்கமகளூரு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்துப் புல்வெளிகளுக்கு நடுவே இரும்புக்காகவே கட்டிய ஊர். 2005 டிசம்பர் 31ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சுரங்க வேலை நின்றுபோனது. சுரங்கம் மூடுவது நம் நாட்டில் புதிதில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபோது, வட ஆற்காட்டிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் நிர்க்கதியாய் நின்றன. அங்கே எடுக்கிற தங்கத்தின் மதிப்பைவிட எடுக்கிற செலவு அதிகமாகிவிட்டது. குதுரேமுக்கில் நடந்தது வேறு. மலையில் இன்னும் இரும்பு இருந்தது, வாங்க ஆளும் இருந்தது, கம்பெனி லாபத்தில் ஓடியது. அப்படியிருந்தும் போதும் என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டது. அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்தது, அதற்கு நன்றி சொல்லவேண்டியவர்களில் சென்னைவாசிகளும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னைக்கும் அந்த மலைக்கும் என்ன உறவு? தண்ணீர்தான். குதுரேமுக்கின் பக்கத்திலிருக்கும் கங்காமூலாவில் மூன்று ஆறுகள் பிறக்கின்றன. நேத்ராவதி மேற்கே இறங்கி மங்களூரில் கடலில் கலக்கிறது. துங்காவும் பத்ராவும் கிழக்கே திரும்புகின்றன. துங்கா சிருங்கேரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. பத்ரா குதுரேமுக் ஊரின் ஓரமாகவே ஓடி, கலசா வழியாக லக்கவள்ளி அணைக்குப் போகிறது. ஷிவமொக்கா பக்கம் கூடலியில் இரண்டும் சேர்ந்து துங்கபத்ரா ஆகி, ஹம்பி, மந்திராலயம், கர்னூல் என்று நடந்து ஸ்ரீசைலம் அணைக்கு மேலே கிருஷ்ணாவில் கலக்கிறது. ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வழியாக சோமசிலா, அங்கிருந்து கண்டலேறு, அங்கிருந்து ஊத்துக்கோட்டை எல்லையின் ‘ஜீரோ பாயிண்ட்’ தாண்டிப் பூண்டி. பூண்டிக்கு வந்துவிட்டால் அது நம் தண்ணீர்.

1983 ஏப்ரல் 18இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டார்கள். கிருஷ்ணா நீரில் பங்குள்ள மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுப்பது என்று அதற்கு முன்பே இந்திரா காந்தி காலத்தில் முடிவாகியிருந்தது. மொத்தம் 15. வழியில் ஆவியாகிற 3 போக, எல்லையில் நமக்கு வந்துசேரவேண்டியது 12. தண்ணீர் உண்மையில் பூண்டியைத் தொட்டது 1996இல். ஒப்புக்கொண்ட அளவு வருடா வருடம் முழுசாக வந்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும். அடையாறில் குழாயைத் திறந்தால் நெம்மேலி கடல்நீரும் வீராணத்து நீரும் வரலாம், மயிலாப்பூரில் பூண்டி வழி வந்ததும் கலந்திருக்கலாம். எந்தச் சொட்டு எந்த மலையுடையது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2019 ஜூனில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஆற்றின் தலைமாடு எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

ஊருக்குள்

சென்ட்ரலில் இரவு மங்களூர் மெயில் ஏறினால் மறுநாள் பகலில் மங்களூர். அங்கிருந்து கார்க்களா, பஜகோளி, பிறகு மாளா மலைப்பாதை. தேசியப் பூங்காவின் வாசலில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு சீட்டு தருகிறார்கள். வழியில் எங்கேயும் இஷ்டத்துக்கு நிற்கக்கூடாது, குப்பை போடக்கூடாது. நான் போனது ஐப்பசி பிறந்த சமயம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருந்தது, மலை இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளை நூலாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 7,000 மில்லிமீட்டர். சென்னைக்குச் சராசரி 1,400தான். நாம் ஐந்து வருடத்தில் பார்க்கிற மழை இங்கே ஒரே வருடத்தில், அதிலும் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

டவுன்ஷிப் என்றுதான் இன்றும் அந்த ஊரைச் சொல்கிறார்கள். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், விளையாட்டு மைதானம் என்று ஒரு முழு ஊரையே கம்பெனி கட்டியது. குடியிருக்க ஆளில்லாத வீட்டை இந்த மழை விட்டுவைப்பதில்லை. சுவரில் முதலில் பாசி ஏறுகிறது, பாசியின் மேல் பெரணி முளைக்கிறது, பெரணியின் வேர் பூச்சைப் பெயர்க்கிறது. ஒரு வீட்டின் முன்வாசலில் அழைப்புமணிப் பொத்தான் அப்படியே இருந்தது, கதவு இல்லை. எல்லா வீடும் அப்படியில்லை. சிலவற்றில் துணி காய்ந்தது. கம்பெனி அலுவலகமும் விருந்தினர் விடுதியும் இயங்குகின்றன. மலையேற வருகிற இளைஞர்களை நம்பி நாலைந்து கடைகள் பிழைக்கின்றன.

அப்படி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரரின் அப்பா பேச்சுக் கொடுத்தார். சுரங்கத்தில் டம்பர் ஓட்டியவர். தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் தன்னோடு வேலை பார்த்ததால் பேச்சில் தமிழ் இருந்தது.

“மெட்ராஸா சார்? எந்தப் பக்கம்?”

“மயிலாப்பூர் பெரியவரே.”

“எங்க ஃபோர்மேன் ஒருத்தர் மாம்பலம். பொங்கலுக்கு லீவு போட்டா வரும்போது கரும்பு கொண்டாருவார்.” பிறகு வெளியே கையைக் காட்டினார். “இந்த ரோட்ல ஷிப்ட் பஸ் ராத்திரி பகல்னு ஓடும். லைட் அணைஞ்சு நான் பார்த்ததில்ல. இப்ப ஆறு மணிக்கு மேல ஒரு வண்டி கிடையாது.”

சுரங்கம் மூடினது சரிதானா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறு தெளிந்துவிட்டது, அது உண்மை என்றார். அதோடு விட்டுவிடாமல், தன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்த நேரத்தில் வேலை போனதையும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

அரைத்துக் கரைத்து அனுப்பிய மலை

இந்த மலைகளில் இரும்பு இருப்பதை 1913இல் கண்டறிந்தவர் மைசூர் சமஸ்தானத்துப் புவியியல் துறையில் பணியாற்றிய சம்பத் ஐயங்கார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மலையை யாரும் தொடவில்லை. தரம் குறைந்த தாது, போய்ச்சேர வழியில்லாத இடம், வருடத்தில் நான்கு மாதம் விடாத மழை. 1969இல் முப்பதாண்டுக் குத்தகை போடப்பட்டது, சுமார் 4,600 ஹெக்டேர். ஆனால் பணம் வந்தது ஈரானிலிருந்து. எண்ணெய் விலை ஏறி ஈரானிய மன்னர் ஷாவின் கஜானா நிரம்பி வழிந்த நேரம் அது. தன் நாட்டில் உருக்காலைகள் கட்ட ஷா திட்டமிட்டார், அதற்குத் தாது வேண்டும். 1975 நவம்பரில் ஒப்பந்தம். ஈரான் 63 கோடி டாலர் கடன் தரும், இந்தியா 21 ஆண்டுகளில் 15 கோடி டன் சுத்திகரித்த தாது தரும். 1976 ஏப்ரல் 2இல் குதுரேமுக் இரும்புத் தாது நிறுவனம் பிறந்தது.

ஆலை கட்டி முடிக்கும் தறுவாயில், 1979இல், ஈரானில் புரட்சி வெடித்தது. ஷா நாட்டைவிட்டு ஓடினார். புதிய ஆட்சி பணத்தையும் நிறுத்தியது, தாதுவும் வேண்டாம் என்றது. மலையுச்சியில் ஆசியாவின் பெரிய சுரங்கத் திட்டங்களில் ஒன்று, வாங்க ஆளில்லாமல் நின்றது. இந்தியா சொந்தப் பணத்தில் வேலையை முடித்து, வேறு நாடுகளில் வாடிக்கையாளர் தேடியது. 1987இல் மங்களூர் பணம்பூரில் தாதுத் தூளை உருண்டைகளாக உருட்டிச் சுடும் ஆலை வந்தது. சீனாவும் ஜப்பானும் வாங்கின. ஈரானுக்காக வெட்டத் தொடங்கிய மலை வேறு தேசங்களின் உலைகளில் உருகியது.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால்தான் பிற்பாடு வந்த சண்டை புரியும். இங்கே கிடைத்தது மேக்னடைட். நூறு பங்கு கல்லில் இரும்பு 38 பங்குக்குள்தான். ஆகவே மலையை வெடிவைத்துப் பெயர்த்து, டம்பரில் ஏற்றி, மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரிக்கவேண்டும். பிரித்த தூள் தண்ணீரோடு குழம்பாக 67 கிலோமீட்டர் நீளக் குழாயில் மலையிறங்கி மங்களூர் துறைமுகத்துக்குப் போகும். ரயில் வேண்டாம், லாரி வேண்டாம். பொறியியல் சாதனை என்பதில் சந்தேகமில்லை. திட்டமிட்ட அளவில் ஆண்டுக்கு 75 லட்சம் டன் தூள் எடுக்க, சுமார் இரண்டேகால் கோடி டன் பாறையை உடைக்கவேண்டும். மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு சேறு. அதைத் தேக்க லக்யா ஓடையின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஓர் அணை.

இந்தக் கணக்கோடு 7,000 மில்லிமீட்டர் மழையைச் சேர்த்துப் பாருங்கள். திறந்து கிடந்த மலையின் புழுதி ஒவ்வோர் ஆனியிலும் ஆடியிலும் பத்ராவில் இறங்கியது. கலசாவுக்குக் கீழே பாக்குத் தோட்டங்களில் கறுப்பு வண்டல் படிந்தது. பத்ராவில் கலந்த வண்டலை ஜகதீஷ் கிருஷ்ணசாமியும் உல்லாஸ் கரந்தும் சேர்ந்த ஆய்வுக்குழு மழைக்காலம் முழுவதும் அளந்தது. அணைக்கு நீர்தரும் பரப்பில் சுரங்கத்தின் பங்கு மிகச் சிறியது, ஆற்றில் வந்த வண்டலில் அதன் பங்கு மிகப் பெரியது என்று அந்த அளவுகள் காட்டின. பத்ரா கரையில் ஓரிடத்தில் நின்று மணலை அள்ளினேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்துண்டு ஒன்று டீக்கடைப் பையனிடம் இருந்தது. மணலின் மேல் அதைக் காட்டியதும் மணிகள் நிமிர்ந்து, மயிர் மயிராக எழுந்து ஒட்டிக்கொண்டன. உதறினாலும் விழவில்லை, நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. இந்த மலையில் இயற்கையாகவே இரும்புமணல் உண்டு என்பதால் அது முழுவதையும் சுரங்கத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வேலை நடந்த காலத்தில் ஆறு என்னவாகப் போயிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கைப்பிடி மணல் போதுமானதாக இருந்தது.

புல்லுக்குள்ளே

காட்டை அழித்தால் பதறுகிற நாம் புல்லை அழித்தால் பதறுவதில்லை. வருவாய்ப் பதிவேட்டில் புல்வெளி பெரும்பாலும் தரிசு. மரம் இல்லையென்றால் அங்கே எதுவுமே இல்லை என்ற நினைப்பு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நம்மோடு தங்கிவிட்டது. குதுரேமுக்கில் வழிகாட்டியோடு ஒரு சரிவில் ஏறி, பாதையோரமாக மண்டியிட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு உதிர்ந்துவிடும். தூரத்திலிருந்து ஒரே விரிப்பாகத் தெரிந்த புல், கிட்டத்தில் தனித்தனிக் குத்துகள். ஒவ்வொரு குத்தின் அடியிலும் போன வருடத்து, அதற்கு முந்தின வருடத்துத் தாள்கள் மக்கிக் கிடக்கின்றன. குத்துகளுக்கு நடுவே சிறு ஊதாப்பூக்கள், பூச்சி தின்னும் பனிப்பூண்டு, கட்டைவிரல் நகத்தளவுத் தவளை. விரலால் அழுத்தினால் கறுத்த மண் தேங்காய்நார் மெத்தையாக அமுங்கி, விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறுகிறது. கையை எடுத்ததும் திரும்ப உள்ளே போய்விடுகிறது. மழை நின்று நாளாகியும் சரிவில் ஓடை ஓடுவது இதனால்தான்.

புல்வெளியும் சோலையும் இங்கே பிரிக்கமுடியாத சோடி. காற்றடிக்கிற முதுகுகளில் புல், காற்றுப் படாத மடிப்புகளில் அடர்ந்த குட்டை மரங்களின் சோலை. மேலே புல்லில் ஊறியது கீழே சோலையில் ஓடையாகக் கசிகிறது. இன்னும் கீழே மழைக்காட்டில் சிங்கவால் குரங்குகள். 1980களில் உல்லாஸ் கரந்த் இந்தக் குரங்குகளைக் கணக்கெடுத்துச் செய்த ஆய்வுதான் 1987இல் 600 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட வழிவகுத்தது. பூங்காவுக்கு நட்டநடுவே சுரங்கம் வெடிவைத்துக்கொண்டே இருந்தது.

புல்வெளியில் மரம் நட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு விடை நம் நீலகிரியிலேயே இருக்கிறது. க்ளென்மார்கன் அருகே ஒரே மாதிரியான இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டு, ஊட்டியிலுள்ள மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்க விட்ட அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதம். அந்த மரங்களையும் சீகை மரங்களையும் தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு இழைக்கும் என்று நாமேதான் மலை மலையாக நட்டோம். இன்று தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்குப் புல் தேடி அலைகிறார்கள். வரையாடு ஒதுங்க இடம் சுருங்கிவிட்டது. குதுரேமுக்கிலும் கம்பெனி தன் பங்குக்கு லட்சக்கணக்கில் மரக்கன்று நட்டது, பசுமை என்று நம்பித்தான். ஊரைச் சுற்றிக் கத்திச்சவுக்கும் பைனும் நிற்கிற இடங்களில் அடியில் புல் இல்லை.

வழக்கும் அதன் விலையும்

1999இல் குத்தகை முடிந்தது. கம்பெனி நீட்டிப்புக் கேட்டது, நெல்லிபீடு, கங்கடிகல் என்று தொடாத மலைகளையும் கேட்டது. எதிர்ப்பு கீழிருந்தும் வந்தது, மேலிருந்தும் வந்தது. சிக்கமகளூருவிலும் ஷிவமொக்காவிலும் விவசாயிகள், மாணவர்கள், எழுத்தாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கே.எம்.சின்னப்பா. நாகரஹொளேயில் வனச்சரகராக இருந்து, வேட்டைக்காரர்களோடு மல்லுக்கு நின்று, காட்டைக் கட்டிக்காத்தவர். 2024இல் மறைந்தார். காடுகள் பாதுகாப்பு பற்றிய கோதவர்மன் வழக்கின் ஒரு கிளையாக அவர் மனு விசாரிக்கப்பட்டு, 2002 அக்டோபர் 30இல் தீர்ப்பு வந்தது. 2005 இறுதிக்குள் ஏற்கெனவே திறந்த இடத்தில் மட்டும் எடுத்து முடித்துக்கொள்ளவேண்டும், புதிய மலை கிடையாது.

ஓய்வுபெற்ற ஒரு வனச்சரகர், மத்திய அரசின் லாபம் தருகிற ஒரு கம்பெனியை நிறுத்தினார் என்பதைச் சென்னையில் இருந்துகொண்டு படிக்கும்போது புல்லரிக்கிறது. ஆனால் அந்த வெற்றியை எழுதும்போது இரண்டு சங்கதிகளைத் தாண்டிப் போகக்கூடாது.

ஒன்று, பூங்கா எல்லைக்குள் பல தலைமுறையாக வாழ்கிற மலெகுடியா, கவுட்லு மக்கள். சுரங்கத்தை வெளியேற்றிய அதே சட்டம் தங்களையும் வெளியேற்றும் என்று அவர்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பயத்தின் இடுக்கில்தான் இந்த மலைகளுக்குள் நக்சல் இயக்கம் நுழைந்தது. 2003 நவம்பரில் கார்க்களா பக்கம் ஈது கிராமத்தில் இரண்டு இளம்பெண்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதற்குப் பிறகு இருபதாண்டுக்கு மேல் இந்தச் சாலைகளில் இரவுச் சோதனை ஓயவில்லை. 2025 ஜனவரியில் ஆறு பேர் சரணடைந்த பிறகுதான் கர்நாடகத்தில் அந்த அத்தியாயம் முடிந்தது. மலையை வெடிவைத்தவனையும் மலையடியில் குச்சுவீடு கட்டியவனையும் ஒரே கோட்டுக்கு வெளியே நிறுத்துவது நியாயமே இல்லை. புல்வெளியைக் காப்பதற்கு அவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்கமாட்டார்கள்.

இரண்டாவது, தொழிலாளிகள். மூடும் தேதி மூன்று வருடம் முன்கூட்டியே தெரிந்தும், ஊருக்கு அடுத்தது என்ன என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. கம்பெனி மங்களூருக்கு இறங்கி, சத்தீஸ்கர் பைலடிலா தாதுவை வரவழைத்து உருண்டை செய்தது. போகமுடிந்தவர்கள் கூடவே போனார்கள். ஒப்பந்தக் கூலிகளும் கடைவைத்துப் பிழைத்தவர்களும் கைவிடப்பட்டார்கள். சுற்றுலா நகரம், ஆராய்ச்சி மையம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. பழுதான மலையில் நாட்டுப்புல்லைத் திரும்ப வளர்ப்பதும் அந்நிய மரங்களை எடுப்பதும் பல்லாயிரம் கைகள் வேண்டிய வேலை. கொடைக்கானலில் வட்டக்கானல் அறக்கட்டளை சோலை மரங்களுக்கும் மலைப்புல்லுக்கும் நாற்றங்கால் போட்டு இது முடியும் என்று காட்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்தைத் தொடங்கி, புல்வெளி மீட்பை அதில் ஒரு வேலையாகவே எழுதியிருக்கிறது. அந்த மாதிரி வேலையைக் குதுரேமுக் ஊர்க்காரர்களிடம் 2006லேயே கொடுத்திருக்கலாம். இன்றைக்குக் கொடுத்தாலும் காலம் கடந்துவிடவில்லை.

லக்யா அணை பற்றியும் சொல்லவேண்டும். ஆற்றுநீர் அணையைத் திறந்துவிடலாம். சேற்று அணையைத் திறக்க முடியாது. கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும், மழை பெய்கிற ஒவ்வோர் ஆண்டும் அதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். 2019 ஜனவரி 25இல் பிரேசிலின் புருமாடிஞ்ஞோவில் இரும்புச் சுரங்கத்தின் சேற்று அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். அதுவும் சேறு கொட்டுவதை நிறுத்திவிட்ட அணைதான். லக்யா வேறு விதமாகக் கட்டப்பட்டது, ஒன்றை வைத்து மற்றொன்றை எடைபோடக்கூடாது. ஆனால் சுரங்கம் மூடியதோடு செலவும் மூடிவிட்டது என்று நினைக்கிறவர்கள் அந்த அணையின் கரையை ஒருமுறை பார்க்கவேண்டும்.

நம் வீட்டுப் பக்கம்

சென்னைக்குத் திரும்பிய பிறகு, தெரிந்த இடங்களே வேறு மாதிரிக் கண்ணில்பட்டன. தி.நகர் நின்றுகொண்டிருப்பது ஓர் ஏரியின் மேல். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் வடித்துத்தான் பனகல் பூங்காவும் உஸ்மான் சாலையும் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் மிச்சம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஏரி தன் இடத்தைத் தேடி வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதி, ஒரு பக்கம் குப்பையும் இன்னொரு பக்கம் கட்டடமும் கொட்டிய பிறகு, 2022இல்தான் அதற்கு உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. கிண்டி தேசியப் பூங்காவுக்குள், 2.7 சதுர கிலோமீட்டரில், போலோ மைதானம் என்கிற திறந்த புல்வெளி ஒன்று இருக்கிறது. அடையாறிலிருந்து நடந்து போகிற தூரம். வெளிமானுக்கு ஓடத் திறந்தவெளி வேண்டும், மேயப் புல் வேண்டும். புதரும் மரமும் மூட மூட அது ஒடுங்கிப்போகும். சென்னையின் நடுவே கடைசியாக மிஞ்சிய புல்வெளிகளில் ஒன்று அது என்பதைக் கிண்டி வழியாகத் தினம் போகிற எத்தனையோ பேர் கேட்டதேயில்லை.

இரும்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தி.நகர் தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை 2025இல் திறந்த ஜெ.அன்பழகன் மேம்பாலம் முழுக்க உருக்குத் தூண்கள் மேல் நிற்கிறது. அதில் ஐந்து நிமிடத்தில் கடந்துபோவது எனக்கும் நிம்மதிதான். மெட்ரோ ரயில் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், எல்லாவற்றிலும் கம்பி வேண்டும். இரும்பு பல மலைகளில் கிடைக்கிறது, பழைய இரும்பை உருக்கியும் எடுக்கலாம். ஆற்றுக்குத் தலை ஒன்றுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், விஷயம் முடிந்துபோன பழங்கதை இல்லை என்பதே. குதுரேமுக்கை இழந்த அதே நிறுவனம் இப்போது பல்லாரி மாவட்டம் சண்டூரில் தேவதாரி மலையைக் கேட்கிறது. சுமார் 400 ஹெக்டேர் காடு, ஏறக்குறைய ஒரு லட்சம் மரம். 2024 ஜூனில் மத்திய உருக்குத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற எச்.டி.குமாரசாமி அந்தத் திட்டத்துக்கான கோப்பில் கையெழுத்திட்டார். குதுரேமுக் காட்டில் நடந்த மீறல்களுக்கு இழப்பீடு கட்டாதவரை நிலத்தை ஒப்படைக்கக்கூடாது என்று கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காண்ட்ரே உத்தரவு போட்டார். சண்டூர் மலைகளின் ஓடைகளும் துங்கபத்ராவில்தான் விழுகின்றன. 1953இல் 133 டி.எம்.சி. கொள்ளளவோடு கட்டிய துங்கபத்ரா அணையில் வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று சுமார் 105தான் பிடிக்கிறது. கீழே இருக்கிற எல்லாருடைய பங்கும் அந்த 28இல் கரைந்திருக்கிறது.

நியூயார்க் நகரம் 1997இல் ஒரு முடிவு எடுத்தது. பல நூறு கோடி டாலரில் சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்குப் பதிலாக, தன் தண்ணீர் பிறக்கிற கேட்ஸ்கில் மலைக் கிராமங்களோடு ஒப்பந்தம் போட்டு, அங்கத்து விவசாயிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் காட்டையும் ஓடையையும் காக்கப் பணம் கொடுத்தது. இன்றும் கொடுத்துவருகிறது. நாம் கிருஷ்ணா நீருக்காக ஆந்திரத்துக் கால்வாய்ச் செலவில் பங்கு போடுகிறோம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரத்துக்குக் கொட்டிக் கொடுக்கிறோம். ஆற்றின் தலைமாட்டுக்கு என்று சென்னைக் குடிநீர் வாரியத்தின் வரவுசெலவில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. முதலில் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் அந்த வரியில் பணம் போகட்டும். அப்போதுதான் கர்நாடகத்திடம் குதுரேமுக்கையும் தேவதாரியையும் பற்றிப் பேசும்போது நம் வார்த்தைக்குக் கனம் இருக்கும். அந்த ஒரு வரியை வாரியத்திடம் எழுதிக் கேட்கவேண்டிய நேரம் இதுதான், தேவதாரியில் மரத்தில் கோடரி விழுவதற்கு முன்னால்.